குடிக்காதவர் என்றால் யார்?

2000-ஆம் ஆண்டுவாக்கில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்த ஓர் உளவியலாளர் மருத்துவ இதழ் ஒன்றில் கொஞ்சம் காட்டமாகவே எழுதினார். அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று இத்தனை ஆய்வுகள் சொன்ன பிறகும் சந்தேகப்படுகிறவர்களை, மனிதன் நிலவில் கால் வைக்கவே இல்லை என்று சாதிப்பவர்களின் வரிசையில் சேர்த்துவிடலாம் என்பது அவர் கட்சி. எழுதியவர் சாராய ஆலையிடம் சம்பளம் வாங்கியவர் அல்ல. குடி செய்யும் கேடுகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். பெயர் டிம் ஸ்டாக்வெல்.

அதைப் படித்துவிட்டு அமெரிக்காவிலிருந்து கே ஃபில்மோர் என்ற சமூகவியலாளர் அவரைத் தேடிப் பிடித்தார். ஃபில்மோர் சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு இருந்தது ஒரே சந்தேகம். அளவாகக் குடிப்பவர் குடிக்காதவரைவிடக் கூடுதல் நாள் வாழ்கிறார் என்கிறார்களே, அந்தக் குடிக்காதவர் யார்? பிறந்ததிலிருந்து தொடாதவரா, அல்லது போன வருஷம்வரை குடித்துவிட்டு ஈரல் கெட்டதால் நிறுத்தியவரா? இருவரையும் ஒரே பட்டியலில் போட்டால் கணக்கு என்ன ஆகும்?

ஸ்டாக்வெல் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை. காரணம், அதற்கு முன் இருபது ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலையே குடியை ஒழுங்காக அளப்பதுதான்.

1970-களின் இறுதியில் லண்டன் மனநல மருத்துவக் கழகத்தில் அவர் இளம் ஆய்வாளர். குடிநோய் ஆராய்ச்சியில் அப்போது பெரிய பெயர் கிரிஃபித் எட்வர்ட்ஸ். ஒருவர் குடிக்கு அடிமையா இல்லையா என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது, அதில் லேசு, நடுத்தரம், கடுமை என்று படிகள் உண்டு என்றார் எட்வர்ட்ஸ். படிகள் உண்டென்றால் அளக்க ஒரு கருவி வேண்டும். எட்வர்ட்ஸோடும் ரே ஹாட்சன் முதலியவர்களோடும் சேர்ந்து ஸ்டாக்வெல் 1979-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். தத்துவம் எதுவும் அதில் கிடையாது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? உடம்பு வியர்த்து நனைகிறதா? நடுக்கம் நிற்க முதல் வேலையாக ஒரு வாய் ஊற்றிக்கொள்கிறீர்களா? பின்னர் செப்பனிட்ட வடிவத்தில் மொத்தம் 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 30-ஐத் தாண்டினால் கடுமையான அடிமைநிலை. பல நாடுகளின் சிகிச்சை மையங்களில் இன்றும் இது புழக்கத்தில் இருக்கிறது. இந்த மதிப்பெண்ணுக்கு உயிர் காக்கும் பயன் ஒன்றும் உண்டு. கடுமையான நிலையில் இருப்பவர் வைராக்கியமாக ஒரே நாளில் குடியை நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், சாவும் நேரலாம். அவருக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்பதைக் கேள்வித்தாள் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்து சேர்பவர்கள் குடிப்பவர்களில் ஒரு சிறு பகுதிதான். சாலையில் அடிபட்டவர், சனிக்கிழமை இரவு மண்டை உடைந்தவர், ஐம்பது வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தவர், இவர்களெல்லாம் ‘குடிநோயாளி’ பட்டியலில் வருவதே இல்லை. 1980-களின் இறுதியில் பெர்த்துக்குப் போய், கர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தபோது, ஸ்டாக்வெல் தனி மனிதரை விட்டுவிட்டு ஊரை அளக்கத் தொடங்கினார்.

ஊரை அளப்பதில் முதல் தொல்லை, ஊர் பொய் சொல்லும். ‘சாதாரணமாக எவ்வளவு குடிப்பீர்கள்’ என்று வீடு வீடாகக் கேட்டுக் கூட்டினால் வரும் தொகை, கடைகளில் விற்ற சரக்கில் ஏறக்குறைய பாதிதான் தேறும். மீதிப் பாதியை யார் குடித்தது? எல்லாரும் வேண்டுமென்றே மறைப்பதாகச் சொல்ல முடியாது. ‘சாதாரணமாக’ என்று கேட்டால் கல்யாண வீட்டில் குடித்ததும், சம்பள நாளில் குடித்ததும் நினைவில் நிற்பதில்லை. அதனால், நேற்று என்ன குடித்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். நேற்றைய கணக்கை மழுப்புவது கடினம். பழைய முறையைவிட அதிக அளவு கணக்கில் வந்தது.

இன்னொரு தொல்லை, ‘ஒரு டிரிங்க்’ என்றால் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. 10 கிராம் எத்தனால், அதாவது சுத்த ஆல்கஹால், இருந்தால் அது ஒரு டிரிங்க் என்பது ஆஸ்திரேலியக் கணக்கு. ஆனால் வீட்டில் ஒயின் ஊற்றுகிறவர் கிராம் பார்த்தா ஊற்றுகிறார்? பாட்டிலில் சதவீதம் மட்டும் அச்சிட்டால் போதாது, இதில் இத்தனை டிரிங்க் இருக்கிறது என்று அச்சிட்டால்தான் மக்களால் கணக்கு வைத்துக்கொள்ள முடியும் என்பதை அவர் குழு சோதனை செய்து காட்டியது. 1995 டிசம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவில் அது கட்டாயம்.

பெர்த் வாழ்க்கையைப் பற்றி இன்னும் எழுதலாம். மூச்சு முட்டக் குடித்தவருக்கு மேலும் ஊற்றிக்கொடுக்கும் பார்கள்தான் அடிதடிக்கும் விபத்துக்கும் பெரிய காரணம் என்று கண்டது அங்கேதான். ஆனால் நமக்கு வேண்டியது ஃபில்மோரின் கேள்வி. அங்கே போவோம்.

அளவான குடி ஆயுளைக் கூட்டும் என்ற எண்ணத்துக்கு விஞ்ஞான அங்கீகாரம் கொடுத்தவர் ரேமண்ட் பேர்ல். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து உயிரியலாளர். 1926-இல் அவர் எழுதிய நூலில், மிதமாகக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடச் சற்று அதிகம் வாழ்ந்ததாகக் கணக்குக் காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. வரைபடம் போட்டால் ஆங்கில ‘ஜே’ எழுத்தைப் போல வரும். குடிக்காதவரிடம் சற்று உயரத்தில் தொடங்கும் மரண அபாயம், ஒன்றிரண்டு கிளாஸ் குடிப்பவரிடம் பள்ளத்தில் இறங்கி, பிறகு குடி கூடக் கூட மேலே ஏறும். அந்தப் பள்ளம்தான் விஷயம். 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, கொழுப்பாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று ஒளிபரப்பியது. கடைகளில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. நம்மூரிலும் ‘தினம் ஒரு பெக் ஹார்ட்டுக்கு நல்லது’ என்று சொல்லாத மாமா எந்தக் குடும்பத்தில் இல்லை?

பள்ளத்தின் மேல் முதலில் சந்தேகப்பட்டவர் ஃபில்மோர் அல்ல. 1988-இல் பிரிட்டனின் ஏ.ஜி. ஷேப்பர், 24 ஊர்களில் 7,735 நடுத்தர வயது ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து ஒன்றைச் சொன்னார். உடம்புக்கு முடியாமல் போகும்போது மனிதர்கள் குடியைக் குறைக்கிறார்கள், விட்டும்விடுகிறார்கள். எனவே குடிக்காதவர் கூட்டத்தில் நோயாளிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் சீக்கிரம் சாவது குடிக்காததால் அல்ல.

ஒன்பதாம் வகுப்பில் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பக்கத்துப் பள்ளியின் தேர்ச்சி சதவீதம் சரியும். பேனரைப் பார்ப்பவருக்கு முதல் பள்ளியின் வாத்தியார்கள் பெரிய கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள். ஜே வளைவின் பள்ளத்தில் நிற்பவர்கள், வடிகட்டிய பிள்ளைகள். அறுபது எழுபது வயதிலும் தினம் ஒரு கிளாஸ் குடிக்க முடிகிறது என்றால், அவர் உடம்பு அதுவரை தாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபில்மோரும் ஸ்டாக்வெல்லும் இன்னும் சிலரும் அதுவரை வந்திருந்த 54 ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்த மரணக் கணக்கில் இந்தக் குளறுபடி இல்லாதவை ஏழே ஏழு. அந்த ஏழிலும் பள்ளம் இல்லை. 2006-இல் இது வெளியானபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. 2016-இல் ஸ்டாக்வெல் குழு 87 ஆய்வுகளை வைத்து மறுபடி பார்த்தது. 2023-இல் ஜின்ஹுய் ஜாவோவும் ஸ்டாக்வெல்லும் மற்றவர்களும் 107 ஆய்வுகளை, ஏறத்தாழ 48 லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். குளறுபடிகளைக் களைந்த பிறகு, அளவாகக் குடிப்பவர் அதிகம் வாழ்கிறார் என்று சொல்ல ஆதாரம் நிற்கவில்லை. பெண்கள் நாளுக்கு 25 கிராம் எத்தனாலுக்கு மேலும், ஆண்கள் 45 கிராமுக்கு மேலும் குடித்தால் மரண அபாயம் தெளிவாகவே ஏறியது.

நோயால் நிறுத்தியவர்கள் மட்டும் கணக்கைக் கெடுக்கவில்லை. அமெரிக்காவில் டிம் நைமி 2005-இல் குடிக்காதவர்களையும் அளவாகக் குடிப்பவர்களையும் இதயநோய்க்கான 30 காரணிகளில் ஒப்பிட்டார். 27 காரணிகளில் குடிக்காதவர்கள் மோசமான நிலையில் இருந்தார்கள். வருமானம், படிப்பு, உடற்பயிற்சி, மருத்துவ வசதி என்று பார்த்தால் மேல்நாட்டில் இரவு உணவோடு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பவர் பெரும்பாலும் வசதியானவர். அவரை வாழவைப்பது வசதி. பெயர் வாங்குவது ஒயின்.

இந்த வாதத்துக்கு மிக அழகான சாட்சி வேறு துறையிலிருந்து வந்தது. எத்தனாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றும். அது நஞ்சு. செல்லின் டி.என்.ஏ.வையே சேதப்படுத்தும். இன்னொரு நொதி உடனே அதை அசிட்டேட்டாக மாற்றிக் காப்பாற்றும். கிழக்காசியர்கள் பலருக்குப் பிறவியிலேயே இந்த இரண்டாவது நொதி மந்தம். ஒரு வாய் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதனால் அவர்கள் குறைவாகக் குடிப்பார்கள், அல்லது தொடவே மாட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மரபணு பணக்காரர், ஏழை, நோயாளி என்று பார்த்து வருவதில்லை. அதாவது யார் குடிக்காதவர் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை இயற்கையே சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்துவரும் கடூரி ஆய்வு 2019-இல் இதைப் பயன்படுத்தியது. தாங்கள் குடிப்பதாக ஆண்கள் வாயால் சொன்ன அளவை வைத்துப் பக்கவாத அபாயத்தை வரைந்தால் அதே பள்ளம் தெரிந்தது. மரபணுவை வைத்து வரைந்தால் பள்ளம் மறைந்து, குடி கூடக் கூட அபாயம் சீராக ஏறியது. அந்தப் பகுதிப் பெண்கள் பெரும்பாலும் குடிப்பதில்லை. அவர்களிடம் அந்த மரபணுவால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆக, வித்தியாசம் உண்டாக்கியது மரபணு அல்ல, குடிதான்.

வழக்கு முடிந்துவிட்டது என்று சொன்னால் அது நேர்மை ஆகாது. 2024 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு ஒன்று, அளவாகக் குடிப்பவர்களிடம் மொத்த மரணம் குறைவாக இருப்பதாகவும், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதாகவும் சேர்த்தே அறிக்கை தந்தது. ஸ்டாக்வெல் தரப்பு அதை ஏற்கவில்லை. என் தராசு ஸ்டாக்வெல் பக்கமே சாய்கிறது. அந்தப் பள்ளம் இருந்தாலும் அது மருந்துச் சீட்டில் எழுதும் அளவுக்கு ஆழமானது அல்ல.

2004-இல் ஸ்டாக்வெல் கனடாவின் மேற்கு மூலையில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்துக்குப் போய், போதைப் பழக்க ஆய்வு மையம் ஒன்றுக்கு இயக்குநர் ஆனார். கனடாவின் பல மாகாணங்களில் மது வணிகம் அரசின் கையில் இருக்கிறது. 2003-இலிருந்து டாஸ்மாக்கைப் பார்த்துவரும் நமக்கு அது புதிதல்ல. ஆராய்ச்சியாளருக்கு இதில் ஒரு வசதி. எந்தச் சரக்கு, எந்த விலையில், எந்த வாரம் எவ்வளவு விற்றது என்ற கணக்கு ஒரே இடத்தில் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச விலையும் இருந்தது. அதை அரசு அவ்வப்போது ஏற்றிவந்தது. ஏன் ஏற்றினார்கள் என்பது வேறு கதை. அது தானாக அமைந்த சோதனை என்பதைக் கண்டுகொண்டதுதான் ஸ்டாக்வெல் குழுவின் சாமர்த்தியம். குறைந்தபட்ச விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு 3.4 சதவீதம் இறங்கியது. சஸ்காட்சவான் மாகாணத்தில் 2010-இல் வீரியம் கூடிய பானத்துக்குக் கூடுதல் அடிவிலை என்று மாற்றியபோது, அதே 10 சதவீதத்துக்கு 8.4 சதவீத இறக்கம்.

வரி ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வரி ஏறினால் ஸ்காட்ச் குடிப்பவர் சாதா விஸ்கிக்கும், சாதா விஸ்கி குடிப்பவர் மலிவு ரகத்துக்கும் இறங்குவார். மிக அதிகம் குடிப்பவர் ஏற்கெனவே இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்குகிறார். அடிவிலை அந்த மலிவுச் சரக்கையே தொடுகிறது. அதற்குக் கீழே இறங்க இடமில்லை. ஸ்காட்லாந்து அடிவிலைச் சட்டத்தை 2012-இல் இயற்றியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றம் போக, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 நவம்பரில் வந்து, 2018 மே 1-இல்தான் அமலுக்கு வந்தது. அப்போது 8 கிராம் எத்தனாலுக்குக் குறைந்தது 50 பென்ஸ் என்று வைத்தார்கள். மூன்று லிட்டர் கடும் சைடர் பாட்டிலின் விலை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேலாகி 11 பவுண்டைத் தாண்டியது. அதே காலத்து இங்கிலாந்தோடு ஒப்பிட்டால், குடியை நேரடிக் காரணமாகக் கொண்ட மரணங்கள் 13.4 சதவீதம் குறைந்ததாக 2023-இல் மதிப்பிட்டார்கள். குறைவு அதிகம் தெரிந்தது ஏழைகள் வாழும் பகுதிகளில்.

இதை அப்படியே நம்மூருக்குக் கொண்டுவந்துவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கடைச் சரக்கின் விலை ஏறும்போது பின்வாசலில் பாக்கெட் விற்பவன் இல்லாத ஊரில்தான் கனடாக் கணக்கு செல்லுபடியாகும்.

விலையைவிடச் சின்ன விஷயம் ஒன்று ஸ்டாக்வெல்லுக்குப் பெரிய தலைவலியைக் கொடுத்தது. ஒரு ஸ்டிக்கர். கனடாவின் வடமேற்குக் கோடியில் யூகான் என்ற பிராந்தியம். தலைநகர் வைட்ஹார்ஸ். தலைக்கு இத்தனை லிட்டர் என்று பார்த்தால் மது விற்பனையில் நாட்டிலேயே முன்னணி. அங்குள்ள அரசுக் கடையில் 2017 நவம்பரில், எரின் ஹோபினும் ஸ்டாக்வெல்லும் தலைமை தாங்கிய குழு பாட்டில்களில் பளிச்சென்ற மஞ்சள் சீட்டு ஒட்டத் தொடங்கியது. மது புற்றுநோயை உண்டாக்கும், மார்பகம், பெருங்குடல் புற்றுநோய் உட்பட என்பது அதில் இருந்த செய்தி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது 1988-இல். சீட்டில் புதிதாக எதுவும் இல்லை. கடைக்கு வந்த பலருக்குத்தான் அது புதிது.

ஏறக்குறைய நான்கு வாரத்தில் வேலை நின்றது. மதுபானத் தயாரிப்பாளர் சங்கங்கள் ஆட்சேபம் கிளப்பின. வழக்கு வந்தால் தாங்க முடியாது என்று சின்னஞ்சிறு யூகான் அரசு நிறுத்திவிட்டது. சில மாதம் கழித்து, புற்றுநோய்ச் சீட்டை விட்டுவிட்டு, டிரிங்க் கணக்கையும் அபாயம் குறைந்த அளவையும் சொல்லும் சீட்டுகளோடு மட்டும் ஆய்வு தொடர்ந்தது. அப்படி அரைகுறையாக நடந்ததிலும் வைட்ஹார்ஸில் தலா விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது. அயர்லாந்து 2023-இல் புற்றுநோய் எச்சரிக்கையைச் சட்டமாகவே ஆக்கியது. 2026-இல் வர வேண்டியது, இப்போது 2028-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

2011-இல் கனடாவில் ஸ்டாக்வெல்லும் சேர்ந்து வகுத்த பரிந்துரை, வாரத்துக்கு ஆண்களுக்கு 15 டிரிங்க், பெண்களுக்கு 10 வரை. 2023 ஜனவரியில் அவர் இடம்பெற்ற புதிய குழு, இருபாலருக்கும் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால்தான் அபாயம் குறைவு என்றது. நாட்டில் பெரிய கூச்சல். பன்னிரண்டு ஆண்டுகளில் ஈரல் மாறிவிடவில்லை, கணக்கு மாறியது.

அந்தக் கணக்கை நம்மூர்ப் பாட்டிலில் போட்டுப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் எத்தனால் 42.8 சதவீதம். ஆக 77 மில்லி எத்தனால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். கனடாவில் ஒரு டிரிங்க் என்பது சுமார் 13.5 கிராம். எனவே ஒரு குவார்ட்டரில் நாலரை டிரிங்க். நண்பரோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளும் ஒரு கட்டிங்கில் 30 கிராம். அந்த ஒரு கட்டிங்கே கனடாக்காரருக்குச் சொல்லும் ஒரு வாரத்து அளவைத் தாண்டிவிடுகிறது. தினம் ஒரு குவார்ட்டர் அடித்துவிட்டு ‘நான் லிமிட்டாகத்தான் குடிக்கிறேன்’ என்பவர், மரண அபாயம் தெளிவாக ஏறும் 45 கிராம் கோட்டைத் தினமும் தாண்டுகிறார்.

இதைப் படிப்பவர்களில் குடிப்பவரும் இருப்பீர்கள், வீட்டில் குடிப்பவரை வைத்திருப்பவரும் இருப்பீர்கள். அடுத்த முறை டாக்டர் ‘தண்ணி அடிப்பீங்களா’ என்று கேட்டால், ‘எப்பவாச்சும் கொஞ்சம் சார்’ என்று சொல்லாதீர்கள். நேற்று எத்தனை மில்லி, இந்த வாரம் எத்தனை குவார்ட்டர் என்று எண்ணிச் சொல்லுங்கள். காலையில் கை நடுங்குவது உண்டென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கம் உள்ளவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.